மடக்குக் கத்தியும் சில்லறைக் கருவிகளும்

கத்தி வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம், ஒரு வாரம் கத்தி வாங்காமல் இருப்பது. அந்த ஒரு வாரத்தில் தன் கை எதையெல்லாம் தேடி அலைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியின் டேப், எண்ணெய் பாக்கெட்டின் மூலை, புதுச் சட்டையில் விலைச்சீட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நரம்பு, மூக்குக்கண்ணாடியில் கழன்ற திருகு, ரிமோட்டின் பேட்டரி மூடி, விரலில் ஏறிய சிலாம்பு, பாதி உடைந்து துணியில் சிக்கும் நகம். நகரத்தில் வாழ்கிறவரின் பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் கத்தி மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றிரண்டு. மற்றவற்றுக்கு வேண்டியவை கத்தரி, திருப்புளி, முள்வாங்கி.

கடைக் கண்ணாடிக்குள் பளபளப்பதோ ஒரு சாண் நீளக் கத்தி. அதன் கறுப்புப் பூச்சையும் பிடியில் செதுக்கிய வரிகளையும் பார்த்து வாங்கியவர் இரண்டு வாரம் இடுப்பில் சுமப்பார். பிறகு அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கருவியைப் பட்டியல் பார்த்து வாங்க வேண்டும்; பார்வைக்கு அழகென்று வாங்கக் கூடாது. இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது அதைத்தான்.

கூடவே கொண்டு திரியும் கருவி தமிழருக்கு நேற்று வந்ததல்ல. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியிலேயே மூன்று வகை இருந்தது. குண்டெழுத்தாணிக்குத் தலை கனத்திருக்கும். வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுதுவதற்கு, மறு முனையில் ஓலையை வார்ந்து ஒழுங்காக்கக் கத்தி. மடக்கெழுத்தாணியைப் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவருக்கு அன்றாடம் வேண்டிய இரண்டு வேலையும் ஒரே பிடியில். கரிசல் காட்டில் நடந்தவர்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைக் கோத்திருந்தார்கள். செருப்பில்லாக் காலுக்கு அதைவிட அவசரமான கருவி கிடையாது. தென்மாவட்டப் பனையேறிகள் பாளை அரிவாளை வெறும் இடுப்பில் செருகுவதில்லை, அதற்கென்றே அருவாப்பெட்டி கட்டியிருப்பார்கள். மரத்தின் உச்சியில் கையை விட்டுத் தேட முடியாதே.

தாலிச் சரட்டிலும் வளையலிலும் பெண்கள் மாட்டிக்கொள்ளும் ஊக்கையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிறு கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். பிய்ந்த பையின் வாரைப் பிடிக்க, பாவாடை நாடாவைக் கோக்க, முள் எடுக்க, போனில் சிம் தட்டைத் தள்ள என்று அது செய்யும் வேலைகளை எண்ணினால், விலைக்கு அதை மிஞ்சும் கருவி இன்றுவரை வரவில்லை.

சிப்பாயின் பட்டியல்

பட்டியல் பார்த்துக் கருவி செய்ததற்குப் பெயர்பெற்ற உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டு ராணுவம் 1889-இல் புதிய துப்பாக்கிக்கு மாறியது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டியிருந்தது. சிப்பாயின் உணவோ தகர டப்பாவில் வந்தது. ஆக, ஓர் அலகு, துளையிட ஓர் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் ஒரே கத்தியில் வேண்டும் என்று ராணுவம் கேட்டது. 1890-ஆம் ஆண்டு மாதிரி என்று அதற்குப் பெயர். அவ்வளவு எண்ணிக்கையில் செய்யும் தொழிற்சாலை சுவிட்சர்லாந்திலேயே இல்லாததால், முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது.

ஷ்விட்ஸ் மாகாணத்தின் ஈபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்சனருக்கு இது பொறுக்கவில்லை. நாட்டின் கத்திக் கொல்லர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வேலையில் இறங்கி, 1891-இல் ராணுவத்துக்கு முதல் சரக்கைக் கொடுத்தார். சோலிங்கன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கூட்டாளிகள் கழன்றுகொள்ள, எல்சனர் கடனில் மூழ்கினார். அவரை மீட்டது 1897-இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தி. இதில் கருவிகளைப் பிடியின் இரண்டு பக்கமும் அடுக்கி, ஒரே ஸ்பிரிங் இரு பக்கத்துக்கும் விசை கொடுக்கும்படி செய்திருந்தார். எடை குறைந்தது, கருவி கூடியது. சின்ன அலகு ஒன்றும் கார்க் திருகியும் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், ராணுவம் இந்தக் கத்தியை யாருக்கும் வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்க ‘சுவிஸ் ஆர்மி கத்தி’ என்று விற்பது இதன் வாரிசைத்தான். நிறுவனத்தின் இன்றைய பெயர் விக்டோரினாக்ஸ்.

சிப்பாய்க்கு இன்றும் தனிக் கத்தி உண்டு. 2008-இல் வந்த மாதிரி 111 மில்லிமீட்டர் நீளம், ஒரு கையால் திறக்கும், திறந்தபின் பூட்டிக்கொள்ளும், ரம்பமும் உண்டு. காலம் மாறியதும் பட்டியலை மாற்றியிருக்கிறார்கள்.

வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டிய நீளங்கள் சிலதான். 58 மில்லிமீட்டர் வகை சாவிக்கொத்தில் தொங்கும். 84-உம் 91-உம் பேன்ட் பையில் அடங்கும். 111 கைக்கு நிறைவாக இருக்கும், பைக்குக் கனம். 58 வகையில் ‘கிளாசிக் எஸ்டி’ என்ற மாதிரியில் ஒரு சிறு அலகு, கத்தரி, நுனியில் திருப்புளியுடன் நக அரம், முள்வாங்கி, பல்குச்சி ஆகியவை இருக்கின்றன. எடை இருபது கிராமுக்குச் சற்று மேல். முதல் பத்தியில் சொன்ன நகரத்துப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால், ஏறக்குறைய எல்லா வேலைக்கும் இதில் ஏதோ ஒரு பதில் இருப்பது தெரியும். அதன் கத்தரி விரல் நுனி அளவுதான், ஆனாலும் நன்றாக வெட்டும். உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் என்றைக்காவது உடையும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

91 வகைக்குப் போகிறவர்கள் அடுக்கு எண்ணிக்கையில் ஏமாறக் கூடாது. ஒவ்வோர் அடுக்கும் பிடியைத் தடிப்பாக்கும். இரண்டு அடுக்கில் அலகுகள், டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான் இரண்டும் வந்துவிடும். மூன்றாவது அடுக்காகக் கத்தரி சேர்த்தால் பெரும்பாலோருக்கு அதுவே தாராளம். அதற்கு மேல் ரம்பம், உளி, மீன் செதில் உரிப்பான் என்று கூட்டிக்கொண்டே போனால் கத்தி கைக்குள் செங்கல்லாகிவிடும்.

கார்க் திருகி உள்ள மாதிரியா, நட்சத்திரத் திருப்புளி உள்ள மாதிரியா என்று குழம்புகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஒயின் பாட்டில் திறக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்? நட்சத்திரத் திருப்புளியே மேல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இறுகிய கயிற்று முடிச்சை நெகிழ்த்தத் திருகியைப் போல் எதுவும் உதவாது. அதன் சுருளுக்குள் மூக்குக்கண்ணாடித் திருகுக்கான குட்டித் திருப்புளி ஒன்றைத் திருகி வைத்துக்கொள்ளவும் முடியும். சின்ன டப்பா திறப்பானின் நுனியோ நடுத்தர நட்சத்திரத் திருகுகளையும் திருப்பும்படி அமைந்தது. கண்ணாடி போடுகிறவர் தயங்காமல் கார்க் திருகி மாதிரியை வாங்கலாம்.

சுவிஸ் கத்திக்கு விண்வெளி அனுபவமும் உண்டு. 1995 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. இடையிலிருந்த கதவை ரஷ்யப் பொறியாளர்கள் பட்டையும் டேப்பும் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு தன் சுவிஸ் கத்தியை எடுத்து வெட்டித்தான் உள்ளே போனதாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை கோடி செலவழித்த பயணத்திலும் கடைசியில் வேலை டேப் வெட்டுவதாகத்தான் இருந்திருக்கிறது.

குறடு வேண்டியவர்களுக்கு

கத்தியால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. 1975-இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்க இளைஞர் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையிலிருந்த மடக்குக் கத்தியால் சமாளித்தவருக்கு, இதில் ஒரு குறடு இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஊர் திரும்பி மாதிரி செய்தார். 1980-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கத்தி நிறுவனங்கள் இது கருவி என்றன, கருவி நிறுவனங்கள் இது கத்தி என்றன. நண்பரோடு சேர்ந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தானே நிறுவனம் தொடங்கி, 1983-இல் கபேலாஸ் என்ற அஞ்சல்வழி விற்பனைக் கடையிடமிருந்து 500 எண்ணிக்கைக்கு முதல் ஆர்டரைப் பெற்றார். கைப்பிடிகள் மடங்கிக் குறட்டை மூடிக்கொள்ளும் அந்த அமைப்பைத்தான் இன்று ‘மல்டி டூல்’ என்கிறோம்.

எலக்ட்ரீஷியன், கேபிள் டிவி ஆள், பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயி, நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர் ஆகியோருக்கு இது உண்மையிலேயே உதவும். மற்றவர்கள் எடையைப் பார்க்க வேண்டும். லெதர்மேனின் ‘வேவ்’ மாதிரி கால் கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. பருத்திச் சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும்; வேட்டி மடிப்பில் நிற்காது. பெல்ட்டில் உறை மாட்டுகிறவருக்கு மட்டுமே இது சரி. வாங்குமுன் குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு தாடையும் நுனியில் பொருந்தாமல் சந்து தெரிந்தால் மெல்லிய கம்பியைப் பிடிக்காது. மலிவான போலிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இன்னொரு எச்சரிக்கை: உலோகப் பிடியில் மின்காப்பு கிடையாது. மின்வேலைக்கு மெயினை அணைத்த பிறகே இதை எடுக்க வேண்டும். அவசரத்துக்கு இருக்கும் கருவி இது, பட்டறைக் கருவிகளுக்கு மாற்று அல்ல.

ஓர் அலகு போதும் என்பவர்களுக்கு

ஃபிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தியில் மறைக்க ஒன்றுமில்லை. மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, வளையம். 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகள் வந்தன. 1-உம் 11-உம் பின்னாளில் நின்றுபோயின. மார்செல் ஓபினல் 1955-இல் சேர்த்த சுழல் வளையம், திறந்த அலகு விரல்மேல் மடங்காமல் தடுக்கிறது. எட்டாம் எண் அளவுதான் பரவலானது: எட்டரை சென்டிமீட்டர் அலகு, எடை ஐம்பது கிராமுக்குள். மாம்பழம் நறுக்க, தோட்டத்தில் கிளை சீவ, தேங்காய்ச் சில்லு எடுக்க இதன் மெல்லிய அலகு சுவிஸ் கத்தியைவிட லாவகமாக இறங்கும்.

ஆனால் நம் கடற்கரை ஊர்களுக்கு இதில் ஒரு சிக்கல். பீச் மரப்பிடி ஈரத்தில் ஊதும். ஐப்பசி மழையில் அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. சவாய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு எளிதாகத் திறக்கலாம். கழுவும்போது பிடியை நீரில் ஊறவிடாமல் இருப்பதும், ஆணி இருக்கும் இடத்தில் ஆளிவிதை எண்ணெய் தடவி உலரவிடுவதும் நல்லது.

ஜப்பானின் மிகி நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த ஹிகோனோகாமி இதைவிட எளிது. மடித்த உலோகத் தகட்டுப் பிடி, அலகின் பின்னால் நீளும் சிறு நெம்புகோல், அதைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அலகு நிற்கும். பள்ளிப்பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி. அழகுப்பொருளாக வாங்கலாம், கத்தியில் கை பழகாதவருக்கு முதல் கத்தியாக வேண்டாம்.

அட்டைப்பெட்டிதான் முக்கிய வேலை என்றால் மேற்சொன்ன எதுவுமே தேவையில்லை. ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா, முனை மழுங்கியதும் மொத்த பிளேடையும் தூக்கிப்போடுவதைப் பார்த்து நொந்துபோனார். செருப்புத் தைப்பவர்கள் உடைத்த கண்ணாடித் துண்டின் புது விளிம்பால் தோல் வெட்டுவதும், கட்டம் கட்டமாக ஒடிக்கும் சாக்லேட்டும் அவர் நினைவுக்கு வந்தன. 1956-இல் நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக்கூர் எடுக்கும் கட்டரைச் செய்தார். ஓல்ஃபா நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்று ஸ்டேஷனரிக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் கட்டர்கள் எல்லாம் அந்தக் குடும்பமே. பிளேடை இரண்டு கட்டத்துக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. ஒடிக்கும்போது குறட்டால் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்புறமாக ஒடிக்க வேண்டும். ஒடித்த துண்டைக் குப்பையில் வெறுமனே போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பழைய மாத்திரை டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் டேப் ஒட்டிப் போடுங்கள்.

விரலைக் காப்பது

மடக்குக் கத்தியில் நடக்கும் விபத்து பெரும்பாலும் ஒரே விதம். அலகின் நுனியால் எதையாவது குத்தித் துளைக்கப் போவார்கள். அழுத்தம் முதுகுப் பக்கம் திரும்பும், அலகு மடங்கும், நடுவில் விரல் இருக்கும். சாதாரண சுவிஸ் கத்தியில் ஸ்பிரிங்கின் விசை மட்டுமே அலகைத் திறந்து வைத்திருக்கிறது, பூட்டு கிடையாது. துளையிட வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள ஊசியை எடுக்க வேண்டும். அதையும் ஒரே பக்கமாக அழுத்தித் திருக வேண்டும்.

பூட்டு உள்ள கத்திகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முதுகில் உள்ள கட்டையை அழுத்தினால் விடுபடுவது ஒன்று. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்த 110 மாதிரி இதைப் பிரபலமாக்கியது. பிடிக்குள் உள்ள தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதை மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும். முதல் சில நாள் நிதானமாகப் பழக வேண்டும். சட்டைப்பை விளிம்பில் மாட்டும் கிளிப்பும், ஒரு கையால் திறக்க அலகில் வட்டத் துளையும் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டுக் கத்தியில் சேர்ந்து வந்தன. வேலைக்காரருக்கு வசதி. பார்க்கிறவருக்கு அது வேறுமாதிரித் தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, ரத்தம் வராது. மடக்கிக் கொடுங்கள், அல்லது மேசையில் வையுங்கள்.

இரும்பும் வியர்வையும்

எஃகில் குரோமியம் 10.5 விழுக்காடாவது இருந்தால் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்கிறார்கள். துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை, தாமதமாகப் பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் வியர்வைப் பைக்குள் கிடக்கும் கத்தியின் ஆணியடியில் சிவப்புப் புள்ளி எட்டிப்பார்க்கும். குரோமியம் இல்லாத கரி எஃகு சீக்கிரம் கூரேறும்; ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கினால் கறுத்துப்போகும், நறுக்கிய துண்டிலும் இரும்பு வாடை வரும். அந்தக் கறுப்பால் கெடுதல் இல்லை. துருவின் சிவப்பைத்தான் விடக் கூடாது. மண்ணில் வேலை செய்து அன்றன்றே துடைத்து வைக்கும் பழக்கமுள்ளவர் கரி எஃகு வாங்கலாம். மற்றவர் துருப்பிடிக்காததை வாங்குவதே நிம்மதி. எஃகின் பெயராக எழுத்தும் எண்ணும் சேர்த்துச் சொல்லும் விற்பனைப் பேச்சில் மயங்க வேண்டாம். டேப் வெட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் கைக்கே தெரியாது.

பைக்குள் இருக்கும் பஞ்சும் தூசியும் கத்தியின் மூட்டுகளில் அடையும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் துளி விட்டு, நீருக்குள்ளேயே திறந்து மூடி, நன்றாகக் காயவைத்து, மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். பழம் நறுக்குமுன் அலகைத் துடைத்துவிடுங்கள். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயை விடுவது பலரின் வழக்கம். அது குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாக இறுகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கூர்

மழுங்கிய கத்திதான் ஆபத்தானது. அதிகமாக அழுத்த வைக்கும், அழுத்தினால் வழுக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம். மடக்குக் கத்தியைக் கொடுக்கக் கூடாது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பு நீலம் பாய்ந்தால் சுமார் 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல்லை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை நம்மூரில் நிலைநிறுத்திய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆனால் கடையில் சாதாரணமாகத் தருவது அரிவாளுக்கும் உளிக்கும் ஏற்ற சொரசொரப்பு. மடக்குக் கத்திக்கு ஆயிரம் எண் கல் கேட்டு வாங்க வேண்டும். பல் விழுந்த அலகுக்கு மட்டும் நானூறு எண்ணில் தொடங்கலாம்.

தீட்டுவதில் கோணம்தான் எல்லாம். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை. கோணமானியை எடுக்க வேண்டாம். 91 மில்லிமீட்டர் கத்தியின் பெரிய அலகைக் கல்லின்மேல் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் சுமார் மூன்று ஒரு ரூபாய் நாணய உயரம் தூக்கினால் அந்தக் கோணம் வந்துவிடும். சாவிக்கொத்துக் கத்தியின் குட்டி அலகுக்கு இரண்டு நாணயம். கண்ணால் பழகியபின் நாணயத்தை எடுத்துவிடலாம். கோணம் சரியா என்று சந்தேகம் வந்தால், விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு தீட்டிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் அழிந்தால் சரி, விளிம்புக்கு மேலே அழிந்தால் கை தாழ்ந்திருக்கிறது.

ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு திரளும். விரல்நுனியை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே இழுத்தால் அது சொரசொரவென்று தட்டுப்படும். விளிம்பின் வழியாக நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு அடி முதல் நுனிவரை வந்தபின்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பலருக்குக் கூர் வராமல் போவதற்குக் காரணம் இந்தப் பொறுமை இல்லாததுதான். நாலு இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றினால் எந்தப் பக்கமும் முடிவதில்லை. இரு பக்கமும் ஆனதும் அழுத்தத்தைக் குறைத்து மாறி மாறிச் சில இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிரும். செய்தித்தாளின் ஓரத்தை இழுக்காமல் கொள்ளாமல் வெட்டினால் போதும். கைரோமத்தைச் சிரைத்துக் காட்டுவது விளம்பரத்துக்கு.

கல் இல்லாத இடத்தில் பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று தெரியும். அதில் மெதுவாகச் சில இழுப்பு இழுத்தால் அன்றைய வேலைக்கான கூர் கிடைக்கும்.

சட்டமும் விமானமும்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக் கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. இந்த அத்தியாயத்தில் வாங்கச் சொன்ன எதுவும் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. அத்தோடு கதை முடியவில்லை. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகளுக்கு டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி தனிக் கட்டுப்பாடு: நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும் எட்டினாலே சிக்கல். இந்திப் பட வில்லன்களால் பெயர்பெற்ற ராம்பூர் கத்தியும், நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யக் கூடாது என்ற மாநிலத் தடைக்குப் பின் தேய்ந்துபோனது. இணையத்தில் மலிவாக விற்கும் பொத்தான் கத்திகளை வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். மேசைமேல் வைத்துச் சொடுக்குவதைத் தவிர அவற்றால் ஆகும் வேலையும் இல்லை.

லண்டனில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. தக்க காரணம் சொல்ல வேண்டும். அலகு பூட்டிக்கொள்ளும் மல்டி டூலும் வளையம் திருகும் ஓபினலும் அங்கே பூட்டுக் கத்திகளே.

விமானக் கைப்பையில் கத்தி கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு இது உலகம் முழுக்க இறுகியது. சுவிஸ் கத்தியின் விற்பனையும் அதில் சரிந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013 மார்ச்சில் சிறு கத்திகளை அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் எதிர்த்தார்கள். ஜூனில் திரும்பப் பெற்றது. அலகே இல்லாத பல்கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரினாக்ஸ் 2024-இல் சொன்னது. கத்தி உள்ளவர் பயணத்துக்கு முந்தைய இரவே சாவிக்கொத்திலிருந்து கத்தியைக் கழற்றிப் பதிவுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சோதனை மேடையில் பறிபோகும் கத்திகளில் பல மறந்து எடுத்துவந்த சாவிக்கொத்துக் கத்திகளே. நீதிமன்றம், மெட்ரோ, திரையரங்கு, பெரிய வணிக வளாகம் போன்ற இடங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். அடிக்கடி அங்கெல்லாம் போகிறவர் அலகில்லாத ஒரு சின்னக் கூட்டணியை, நகவெட்டியும் ஊக்கும் ஒற்றை பேட்டரி டார்ச்சும் சேர்த்து, தனி வளையத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகம் போய் வருகிறவருக்கு 58 மில்லிமீட்டர் கத்தி, கண்ணாடி போடுகிறவருக்கும் ஊர் சுற்றுகிறவருக்கும் கத்தரியோடு கூடிய 91, தோட்டக்காரருக்கு எட்டாம் எண் ஓபினல், கம்பியும் திருகுமாக உழைக்கிறவருக்கு மல்டி டூல், கடை நடத்துகிறவருக்கு ஐம்பது ரூபாய்க் கட்டர். இரண்டாவது கத்தி வாங்கும் ஆசை வந்தால், அந்தக் காசுக்கு முதலில் ஆயிரம் எண் கல் ஒன்றை வாங்குங்கள்.